தங்கராஜு அத்தானின் வலது தோள்

என் அக்கா ருக்குமணியின் புருஷன் தங்கராஜுவைப் போல முருகனிடம் உரிமை கொண்டாடுகிறவர் எங்கள் ஊரான பாகான் டாலாமில் வேறு யாரும் கிடையாது. பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார். தைப்பூசம் வந்தால் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பார். காவடிக் கட்டை உட்காரும் வலது தோள் காய்த்துப் போயிருக்கும். கல்யாண வீட்டில்கூடச் சட்டையை விலக்கிக் காட்டுவார். "ஜிம்முக்குப் போறவனுக்கு இது வருமா லா?" என்பார்.

நடுவில் ஒரு வருஷம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து தேறியதும் நேர்த்திக்கடன் என்று மறுபடி காவடி எடுத்தார் மனுஷன். அதற்குப் பிறகுதான் அந்தத் தோளில் ஒரு கட்டி கிளம்பியது.

முருகன் போட்ட முத்திரை என்று வீடே கொண்டாடியது. அக்கா தினமும் அதில் விபூதி பூசினாள். நானும் தொட்டுக் கும்பிட்டேன். படித்தவள் என்று எனக்குப் பெயர் வேறு!

மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குப் போனபோதும் அத்தான் கட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "மூத்திரப் பையப் பாக்கிறவருகிட்ட தோளையா காட்டுவாங்க?" என்பது அவர் நியாயம். டாக்டர்தான், "நல்லா தேறிட்டீங்க அண்ணே" என்று தோளைத் தட்டினார். அத்தான் வலியில் துள்ளினார். உடனே சட்டையைக் கழற்றச் சொன்னார் டாக்டர்.

சதை எடுத்துச் சோதித்தார்கள். அதே புற்றுநோய். எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவுவது உண்டு, தோலுக்கு வருவது மிக அபூர்வம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் உடைந்து போனார். "சாமி குடுத்ததுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே, ருக்கு."

"சாமிதாங்க காட்டிக் குடுத்துச்சு. உள்ளுக்குள்ளயே வந்திருந்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கீமோ தொடங்கியது. அத்தான் பாதி ஆளாக இளைத்துப் போனார். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மலை ஏறக் கூடாதுன்னு சொல்லலையே" என்று பிடிவாதம் பிடித்தார் அத்தான். கடைசியில் அக்கா பால்குடம் எடுத்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் பின்னால் போனேன்.

பாதிப் படியில் நின்று, "பாரமா இருக்கேனா?" என்று கேட்டார்.

"உங்க காவடிய விட லேசுதான். நடங்க."

அக்கா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.