பனிக்கு ‘நோ’ சொன்ன பாண்

நுவரெலியாக் கடைத்தெருவில் கண்ணாடி போட்ட பலகாரப் பெட்டியை முதலில் வைத்தது நான். தகரக் கூரைக்குக் கீழே பலகையடித்து, மழைச் சத்தத்தில் கத்தாமல் மனிதர் பேசிச் சாப்பிட இடம் செய்தது நான். வெள்ளைக்காரத் துரையும் தோட்டத்துப் பெரிய கங்காணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பண்டத்தைத் தின்ற கடை எங்கள் கடை. அந்தப் பெஞ்சை அடித்ததும் நான்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, முசிறியிலிருந்து துணிமூட்டையோடு வந்து தனுஷ்கோடியில் கப்பலேறியவன் இத்தனையும் செய்தேன். ஊரில் இருக்கிற சொந்தங்களே, என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களே, இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் பெருமையைப் பேச நான் வேறு ஆள் வைத்திருக்கிறேனா?

இந்த ஊரில் ரொட்டி கேட்டால் ரொட்டி வராது. இத்தனை வருடம் கழித்தும் காலையில் கடைக்குப் போனால் என் வாய் பழக்கத்தில் ‘ரொட்டி’ என்றுதான் கேட்கிறது. தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய ஒன்று வந்து சேருகிறது. நம் ஊர்ப் பேக்கரி ரொட்டிக்கு இங்கே பாண் என்று பெயர். அந்தச் சொல்தான் எனக்கு வாழ்வு கொடுத்தது. அப்போது நான் ராகலைப் பக்கத்துப் பங்களா ஒன்றில் துணி தேய்க்கிறவன். நுவரெலியாவில் புதிதாகச் சாண்ட்விச் கடை போட்டிருந்த இத்தாலிக்காரருக்கு மேசை விரிப்புகளைத் தேய்த்துக் கொண்டுபோனேன். வாசலில் நின்று அவர் “பானே! பானே!” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் பானை கேட்கிறார் என்று பானை தேடினார்கள். நான் ஒருவன்தான் பேக்கரிக்கு ஓடிப் பாண் வாங்கி வந்தேன். அவர் பாஷையிலும் பாணுக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மறுநாளே அவரிடம் வேலை.

அவர் பெயர் மாரியோ. கப்பலில் சமையற்காரராக வந்து கொழும்பில் இறங்கி, குளிர் தேடி மலையேறியவர். எங்களுக்கு அவர் மாரி துரை. “எங்க ஊர் அம்மன் பேருங்க துரை” என்றேன். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய சாண்ட்விச் என்றால் மொறமொறப்பான பாணுக்குள் உப்புக்கண்டம் மாதிரி ஒரு பன்றி இறைச்சித் துண்டு, சீஸ், கொஞ்சம் எண்ணெய். ஒன்றின் விலைக்கு ஒரு வீட்டுக்கே சோறாக்கிவிடலாம். தோட்டத் துரைமாரும் குதிரைப் பந்தயத்துக்கு வரும் கொழும்புக்காரர்களும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுதந்திரம் வந்த பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கடை காற்று வாங்கியது. ஒருநாள் மாரி துரை கதவைக் காட்டி “பினிஷ்” என்றார். நம்மவர்கள் இந்த நாட்டவரா இல்லையா என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம். வேலை போனவனை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பயம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எனக்கு இந்த மலையில்தான்.

அந்த வாரமே உடப்புசல்லாவைத் தோட்டத்துப் பெரிய கங்காணி, சம்சாரத்தோடு பனியில் நனைந்து உள்ளே வந்தார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, “இது என்னாங்க துரை?” என்றார்.

“பனினோ” என்றார் மாரி துரை. அவர் பாஷையில் சாண்ட்விச்சுக்கு அதுதான் பெயர்.

“கேட்டீங்களா, பனி நோவாமே!” என்றார் கங்காணியாரின் சம்சாரம். “தின்னா பனி அடிக்காதாம். வாங்குங்க.”

கங்காணியார் ஒரு கடி கடித்தார். முகம் கோணியது. “பனி நோன்னு சொல்லிப்புட்டு ஐஸ்கட்டியாட்டம் குடுக்குறீங்களே துரை! உள்ள என்னா, செருப்பு வாரா?”

புகழ்கிறார் என்று நினைத்து மாரி துரை குனிந்து கும்பிட்டார். விலையைச் சொன்னதும் கங்காணியார் எழுந்துவிட்டார். “இந்த வெலைக்குப் பனி நோ இல்ல துரை, பணம் நோ!”

“இருங்க கங்காணியாரே, ஒக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். மேசை விரிப்புக்காகக் கரி போட்டு வைத்த இஸ்திரிப் பெட்டி கனன்றுகொண்டிருந்தது. அடுப்பில் இரும்புத் தட்டை வைத்து வெண்ணெய் போட்டேன். பாணுக்குள் முட்டைப் பொரியல், சீஸ், எங்கள் சாப்பாட்டுக்கு மிளகாய் இடித்துச் செய்த கட்டச் சம்பல். மேலே ஒரு வாழையிலைத் துண்டு. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்தினேன். புகை கிளம்பியதும் மாரி துரை ஓடி வந்தார்.

“வாட் இஸ் திஸ்? ஷர்ட்? மை பானே, ஷர்ட்?”

“நோ ஷர்ட், துரை. பனி நோ!”

சீஸ் நூலாக இழுபட, கங்காணியார் தின்றார். அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வேர்த்தது. “அட, இப்பத்தான்டா பனி நோ!” என்று மேசையைத் தட்டினார். “எனக்கு எங்கங்க?” என்று சம்சாரம் தட்டை இழுத்தார். கேட்ட விலையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரமே ‘பனி நோ’ என்று தமிழில் பலகை தொங்கியது. துணிக்கடைக் காதர் நானா வாசலிலேயே நின்றார். “தம்பி, உள்ள பண்டி எறச்சிகிறச்சி இல்லியே?” “ஒங்களுக்குத் தனித் தட்டு, தனிப் பெட்டி நானா” என்றேன். நானா வந்தார், அவர் பின்னால் பஜாரே வந்தது. கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீசில், வேலை பார்க்கும் சிங்கள ஐயா ஒருவர் காதில் அது “பெணி நே” என்று விழுந்தது. சிங்களத்தில் பாணி, அதாவது பாகு, இல்லை என்று அர்த்தம். “பாணி இல்லாம என்ன கடை?” என்று சண்டைக்கு வந்தார். உடனே வாழைப்பழமும் கித்துல் பாணியும் வைத்து ஒன்று அழுத்திக் கொடுத்தேன். அதற்கும் கூட்டம். தலவாக்கலையிலிருந்து பஸ் ஏறி வந்து தின்றார்கள். ‘பினிஷ்’ என்ற வாய், “கருப்பையா, யூ மாஸ்டர்” என்றது. மூட்டை கட்ட வேண்டியவன் வீடு கட்டினேன்.

வயதாகி மாரி துரை தன் நாட்டுக்குப் போனபோது கடையைக் கொழும்புக்காரர் ஒருவருக்கு விற்றார். இஸ்திரிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். இப்போது தலவாக்கலை ஸ்டேஷனுக்கு எதிரே எனக்குச் சொந்தக் கடை. நுவரெலியாக் கடையிலோ புதுப் பலகை: ‘இத்தாலியர் கண்டுபிடித்த அசல் பனி நோ.’ என்ன அநியாயம் இது? இத்தாலியில் போய்ப் பனி நோ கேளுங்கள், ஐஸ்கட்டிதான் கிடைக்கும். பெயர் கங்காணியார் சம்சாரத்தின் வாயில் பிறந்தது, பாணும் சீஸும் மாரி துரையுடையவை, சூடு என்னுடையது. முசிறிக்குப் போனால் என்னை நுவரெலியாக்காரன் என்கிறார்கள். நுவரெலியாவில் முசிறிக்காரன் என்கிறார்கள். எனக்கு இரண்டும் சம்மதம். கொழும்புக் கடைக்காரரே, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பலகையைக் கழற்றி, மாரி துரை பெயரைப் போட்டு, அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இப்படிப் போடுங்கள்: ‘சுட்டுக் கொடுத்தவர், நுவரெலியா முசிறி கருப்பையா.’