வெள்ளைக்கார அம்மா தேநீர் குடித்த வீடு

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. இருந்தாலும் அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் என்னைத் தெரியாதவன் எவனும் கிடையாது. தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறியவன், இன்று மூன்று வேன்களுக்குச் சொந்தக்காரன். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை. ஆகவே, தொலைக்காட்சியில் அந்தத் தொடர் ஓடத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொன்னவனும் நான்தான்.

சர்வாதிகாரி ஆளும் ஏதோ ஒரு நாட்டுக்கு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் போகிறார். அவருக்குக் கார் ஓட்டும் உள்ளூர்க்காரனைப் பொலிஸ் பிடிக்கிறது. முதல் அடி விழுமுன்பே அவன் எல்லாப் பெயர்களையும் கொட்டிவிடுகிறான்.

"த்தூ, இவனெல்லாம் டிரைவரா? நானா இருந்தா ஒரு எழுத்து வாங்கியிருக்க முடியாது" என்றேன்.

"உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. "அடிக்கவே வேணாம். முதுகுல தட்டிக் குடுத்தா போதும்."

சிரித்துவிட்டேன். அதற்கு முந்திய வாரம்தான் நானும் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்கார அம்மாவைத் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போயிருந்தேன். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். மழைக்குப் பிறகு அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துப் பிளந்திருந்தது. கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி, புருஷன் செத்துப்போனவள், எங்களை உள்ளே அழைத்துச் சுவரில் கை நுழையும் வெடிப்பைக் காட்டினாள். ஆபீசில் எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். சுற்றுலாக்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீசில் நானே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"என் பேரு மட்டும் வரக்கூடாது அண்ணே. தெரிஞ்சா காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடறப்போ என்னை விட்டுருவாங்க. வேலை போனா தோட்டம் குடுத்த இந்தக் காம்பராவும் போயிரும்."

வெள்ளைக்கார அம்மா வாக்குத் தவறவில்லை. செய்தியில் அந்தப் பெண்ணின் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

செய்தி வந்த மூன்றாம் நாள் காலை, பெரகலைச் சந்தியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். சப்பாத்தில் பொட்டுச் சேறில்லாத ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்தார். எங்கேயிருந்து வருகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அந்த வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிட்டுப் போனது ஐயாதானே? இந்த ரோட்டுல உங்களை விட்டா யாரால முடியும்?"

மனம் குளிர்ந்துபோனேன். அந்த அம்மாவிடம் பேசியது யார் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் என் வாய் பூட்டிக்கொண்டிருக்கும்.

"பாவம், அவ்வளவு தூரம் வந்த மனுசி. தோட்டத்துச் சனங்க ஒரு வாய்த் தண்ணி கூடக் குடுக்கலையாமே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லயத்துக்கு வந்த ஆளை வெறும் வாயோடு அனுப்புகிற சனமா நாங்கள்?

"எவன் சொன்னான்? மேட்டு லயத்துக் கடைசி வீட்டுல இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ குடுத்தாங்க. நல்ல கிளாஸ் இல்லைன்னு பக்கத்து வீட்டுல வாங்கியாந்து குடுத்தாங்க. அந்தம்மா ரெண்டாந்தரமும் கேட்டுக் குடிச்சாங்களே!"

"அப்படியா? ரொம்பச் சந்தோஷம் ஐயா."

எதையும் எழுதிக்கொள்ளவில்லை. காரில் ஏறினார். கார் வந்த வழியே திரும்பாமல் தோட்டத்துப் பாதையில் மேலே ஏறியது. பனிமூட்டத்துக்குள் அதன் பின்விளக்கு மறையும்போதுதான், நான் என்ன கொடுத்தனுப்பினேன் என்பது எனக்கு உறைத்தது. சவர்க்கார நுரையோடேயே வேனைக் கிளப்பினேன்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கொழுந்து எடுக்கும் இடத்தில் இல்லை. கங்காணி வந்து ஆபீசுக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். ஆபீசுக்குக் கீழே, வளைவில் காத்திருந்தேன். உச்சி நேரத்தில்தான் வெளியே வந்தாள். அழவில்லை. வேனைக் கண்டதும் கிட்ட வந்து கதவுப் படியில் ஒரு காலை வைத்தாள்.

"நாளையிலயிருந்து பெரட்டுக்கு வர வேணாமாம் அண்ணே. காம்பராவைப் பத்தி அப்புறம் சொல்றாங்களாம். இஞ்சி போட்டது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரி வேலைதான். கிளாஸ் குடுத்தவ அவதானே? இன்னைக்கு அவ குடுமியைப் பிடிக்காம விடமாட்டேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓர் ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது.

"அவ இல்ல தங்கச்சி. நான்தான் சொன்னேன்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு படியில் வைத்த காலை எடுத்தாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலையை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, வெடித்த மலைப் பக்கமாக நடந்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போவதற்கு வேறு இடமில்லை.