உதைக்காத முழங்கால்

எட்டாம் வகுப்பில், ஒரு புதன்கிழமை கடைசிப் பீரியடில், என் தண்டுவடம் வேலையை நிறுத்திக்கொண்டது. அதற்கு வகுப்பே சாட்சி.

அறிவியல் வாத்தியார் அனிச்சைச் செயலை விளக்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே தட்டினால் சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும். மூளையிடம் கேட்காமலே அங்கிருந்து உத்தரவு திரும்பும், கால் தானாக உதைக்கும். சொன்னதோடு விடாமல் எங்களைப் பெஞ்சின்மேல் கால் தொங்க உட்காரவைத்து, டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு காலும் எகிறியது. என் கால் மட்டும் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. இன்னொரு தட்டு. ஊஹும்.

"என்னலே, தண்டுவடம் லீவு போட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் மூளைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு மட்டும் இன்னும் லைன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடிக்குப் பயந்து காலை விறைத்து வைத்திருந்தேன் என்பதும், அப்படி இறுக்கிப் பிடித்தால் நல்ல காலும் உதைக்காது என்பதும் இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு வடமதுரைக் கடைவீதி வழியாகத் தலையில் தண்ணீர்க்குடம் இருப்பதைப் போல நடந்து வீட்டுக்குப் போனேன். வழியில் வந்த தும்மலைக்கூட அடக்கினேன், மிச்சமிருக்கும் இழையும் அறுந்துவிடக் கூடாதே. தண்டுவடம் செத்தவன் இரண்டு கிலோமீட்டர் எப்படி நடந்தான் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் தோசைக்கரண்டியோடு ஆராய்ச்சியைத் தொடங்கினேன். முதலில் அக்கா. அவள் கால் என் தாடையில் வந்து பதிந்தது. அது அனிச்சையா, இச்சையா என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்து அம்மா. மடியிலிருந்த முறம் கவிழ்ந்து சின்ன வெங்காயம் வீடெல்லாம் உருண்டது. "கிறுக்குப் பிடிச்சிருச்சாடா ஒனக்கு?" என்றாள். குடும்பத்தில் எல்லோருக்கும் நரம்பு இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தக்காளியை விலைக்குப் போட்டுவிட்டுச் சந்தையிலிருந்து அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டார். "தட்டுடா, பாப்போம்."

தட்டினேன். அசையவில்லை. அடுத்த காலில் தட்டினேன். அதுவும் அசையவில்லை.

"நம்ம வம்சத்துல யாரையும் உதைக்கிற பழக்கமில்ல அப்பு," என்றார் அப்பா.

எனக்குப் போன உயிர் வந்தது. இது நோயில்லை, பரம்பரை. கரண்டியோடு ஒரு சுற்று ஆடினேன்.

அம்மா மட்டும் வெங்காயம் பொறுக்குவதை நிறுத்தியிருந்தாள். "ஏங்க, நேத்து அம்புட்டு நீளக் கருவ முள்ளு கால்ல ஏறிக் கெடந்துச்சு. நான் பாத்துச் சொன்ன பெறகுதான ஒங்களுக்கே தெரிஞ்சுச்சு?"

"காட்டுல நடக்குற காலு, காச்சுப் போயிருக்கும்."

 மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா அவரைத் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்து, அவர் கால் நரம்புகளைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது என்பது அங்கேதான் தெரிந்தது. என் கவலையோ வேறு. டாக்டர் அப்பாவைச் சரிசெய்துவிட்டால் நான் தனியாளாகிவிடுவேன். அவர் கால் உதைக்கக் கூடாது சாமி என்று பகல் முழுக்க மனமுருகி வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா ஒரு பை மாத்திரையோடு இறங்கினார். ஓடிப்போய்க் கேட்டேன்: "டாக்டர் தட்டுனாராப்பா? உதைச்சுச்சா?"

"இல்லப்பு."

நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள், வைத்துவிட்டு அவளே அழுதாள். அடி சுரீரென்று வலித்தது. என் தண்டுவடம் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அதுவும் எனக்குப் புரியவில்லை. அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்பதும் புரியவில்லை.