கண்காணிப்புக் கோபுரத்தில் அண்ணி

அண்ணி அட்டைக்கட்டின் மேல் அட்டையைக் கட்டைவிரல் நுனியால் மட்டும் தூக்குவார். முழுதாகப் புரட்ட மாட்டார். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். உடனே மூடிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அட்டைக்கட்டை நாலாபுறமும் தட்டி நேராக்குவார். அதன் பிறகுதான் எங்களைப் பார்ப்பார்: முதலில் என் அப்பாவை, பிறகு அண்ணனை, கடைசியில் என்னை. முன்பெல்லாம் அந்தப் பார்வையின் முடிவில் ஓர் உத்தரவு வரும். இப்போது வருவதில்லை. நாங்கள் மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"புருவம் ஏறிடுச்சு. ஆத்துப் பக்கம்தான்," என்பார் அப்பா.

"அது என்னைப் பார்த்ததால ஏறினதுப்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஏறுது," என்பான் அண்ணன்.

வீட்டில் இதற்குப் பெயர் தீ ஆட்டம். பெட்டியின் மேல் வேறு ஏதோ பெயர் அச்சிட்டிருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. சுற்றித் திரிந்த நாட்களில் ஏதோ ஓர் ஊரில் வாங்கி, என் துணிகளைக் குறைத்துக்கொண்டு பையில் சுமந்து வந்தேன். விரித்தால் சாப்பாட்டு மேசை நிறைந்துவிடும். பலகையில் காடும் ஆறும் மலையும், நடுநடுவே சின்னச் சின்ன ஊர்களும். காட்டில் தீ பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு காற்று அட்டையைத் திருப்ப வேண்டும். ஆற்றுப் பக்கம் என்று வந்தால் சிவப்புக் கட்டைகள் ஆற்றை நோக்கி நகரும். மலைப் பக்கம் என்று வந்தால் மலையை நோக்கி. ஒரே ஓர் ஊர் எரிந்தாலும் ஆட்டம் முடிந்தது. இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முடியாது. ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். எதிராளி அந்தக் காகிதக் காற்றுதான்.

ஆளுக்கொரு வேலை உண்டு. அப்பாவுக்குத் தண்ணீர் லாரி. கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மரத்துண்டு லாரியைப் பின்னால் நகர்த்தும்போதுகூட வாயால் 'பீங் பீங்' என்று எச்சரிக்கை ஒலி எழுப்புவார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அண்ணனுக்குத் தீ தாவாமல் மரங்களை வெட்டி இடைவெளி விடும் வேலை. எனக்கு ஹெலிகாப்டர். "ஒரு இடத்துல நிக்காதவளுக்கு வேற என்னத்தக் குடுக்க?" என்று சொல்லிக் கொடுத்தவர் அண்ணி. அவருக்குக் கண்காணிப்புக் கோபுரம். கோபுரத்தில் இருப்பவர் வரப்போகும் காற்று அட்டையை முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் காட்டக் கூடாது, வாயால் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் கிடையாது, வண்டி கிடையாது, கோடரி கிடையாது. கோபுரத்தின் மொத்த பலமும் வாய்தான்.

அண்ணியின் வேலையும் அதுதான். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அலறுபவர்களும் அழுபவர்களும் பேச்சே வராமல் மூச்சு மட்டும் விடுபவர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான்: "முதல்ல எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க." அடுத்தது, "பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்." கத்த மாட்டார். சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் இறங்கிப்போய் ஆளைப் பிடிக்கிற மாதிரி அழுத்திப் பேசுவார். வண்டி வந்து சேரும் வரை, மூச்சு நின்றவரின் மார்பை அழுத்துகிற யாரோ ஒருவரோடு சேர்ந்து அவரும் எண்ணிக்கொண்டிருப்பார். முகம் தெரியாதவர்களுக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான்.

வீட்டிலும் அதே குரல்தான். ஒருமுறை நான் பையைத் தொலைத்துவிட்டு, மொழி தெரியாத ஒரு பேருந்து நிலையத்திலிருந்து அழுதுகொண்டே அண்ணிக்குப் போன் செய்தேன். "அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல எங்க இருக்க? முன்னாடி என்ன கடை? அந்தக் கடைக்குள்ள போ. உட்காரு. உட்கார்ந்துட்டியா? இப்ப அழு," என்றார். அழுகை நின்றுவிட்டது.

தீ ஆட்டத்திலும் அப்படித்தான் எங்களை ஓட்டினார். "மாமா, லாரியை எடுத்துக்கிட்டு மலையடிக்குப் போங்க. அந்த பீங் பீங்கை அப்புறம் வெச்சுக்கலாம். என்னங்க, நீங்க பாலத்துக்கிட்ட வெட்டுங்க. ஊர்சுத்தி, நீ ஒண்ணும் பண்ணாத, சும்மா இரு, அதுவே பெரிய உதவி." அப்பா முணுமுணுப்பார், அண்ணன் கொட்டாவி விடுவான், நாங்கள் ஜெயிப்போம். அந்தத் தடித்த விதிப்புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அவர்தான்.

அண்ணிக்குத் தொண்டை முதலில் கரகரத்தது. பிறகு வாக்கியத்தின் நடுவில் குரல் அறுந்து, அடுத்த சொல்லில் மறுபடி ஒட்டிக்கொண்டது. குரல் பிறக்கும் இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். பேசாமல் இருக்க வைத்துப் பார்த்தார்கள். அது போதாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பின் மறுபடியும் பேசக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது, கிசுகிசுக்கவே கூடாது, 'ம்' கொட்டவும் கூடாது. "ஒரே ஒரு தடவை கத்தினாப் போதும், தையல் போட்ட துணியை இழுத்த மாதிரி ஆயிடும்," என்று மருத்துவர் எச்சரித்தார். ஆறிய இடத்தைக் கேமரா விட்டுப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் அழைப்பு அறை. இல்லையென்றால் ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய கிடங்குக்கு மாற்றம். கிடங்கிலும் சம்பளம் அதேதான், வேலையும் சுலபம், உட்கார நல்ல நாற்காலி. அலுவலகத்திலிருந்து ஒருவர் அப்படித்தான் ஆறுதல் சொன்னார். அண்ணி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவர் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்திதான் இப்போது அவர் நாற்காலியில் இருக்கிறாள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். "நீங்க இல்லாமலும் நல்லாத்தான் போயிட்டிருக்குக்கா. ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்றாள். மனதாரச் சொன்னாள். அண்ணி சிரித்து, கையைப் பிடித்து, வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடி எடுத்துப்போட்டுக் கழுவினார்.

தெருவில் சைரன் கேட்டால் அண்ணி எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடுகிறார். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கழுத்து திரும்புகிறது. சத்தம் தேயும் வரை உதடு அசைகிறது. அதில் என்ன சொல் ஓடுகிறது என்று கேட்காமலே தெரியும். பக்கத்தில் இருப்பவர் யாராவது அவரை உலுக்கி, "உதடு, உதடு," என்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலை பழகிவிட்டது. கால் பரபரத்தாலும் இன்னும் நான் கிளம்பாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிறு மதிய ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஆரம்பத்தில் அண்ணி உத்தரவுகளைப் போனில் தட்டிக் காட்டினார். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் காபி ஆறிவிடும். "இதென்ன ஆட்டமா, கோர்ட்டா? எல்லாம் எழுத்து மூலமா வருது," என்று ஒரு நாள் போனைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். சரி, கோபுரத்தை நான் பார்க்கிறேன் என்று அவரே அட்டையைத் தூக்கிப் பார்த்தார். "பார்த்துட்டேன்... இரு... ஆத்துப் பக்கமா, மலைப் பக்கமா?" அண்ணி கோபுரத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கியவர்தான், அதன் பிறகு யாருக்கும் தரவில்லை.

சைகையால் சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசம். கை நீண்டால் தொண்டையும் கூடவே நீள்கிறது. தலையை இடவலமாக ஆட்டினால் 'ம்ஹும்' தானாக வந்துவிடுகிறது. ஒரு ஞாயிறு அப்படி ஒரு 'ம்ஹும்' வெளியே வந்தே விட்டது. அண்ணி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வலிக்குதா? எரியுதா? எச்சிலை முழுங்கு. வேணாம், முழுங்காத!" என்று உளறினான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் யாரும் ஆட உட்காரவே இல்லை.

அண்ணி ஒரு சைகையும் இல்லாமல் தன் முறையை மட்டும் ஆடிய அடுத்த ஞாயிறு நடந்ததுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்ப் பக்கம் தீ நெருங்கியது. அப்பா லாரியை அங்கே கொண்டுபோனார். அண்ணன் கோடரியோடு அங்கேயே போனான். நானும் ஹெலிகாப்டரை அதே ஊரில் இறக்கினேன். மூன்று மரத்துண்டுகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"நீ எதுக்குடா இங்க வந்த?"

"அவ சொல்லியிருந்தா என்னைத்தான்ப்பா இங்க அனுப்பியிருப்பா."

"என்னையில்ல அனுப்பியிருப்பா!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் சொல்லாத உத்தரவுக்கு மூன்று பேரும் கீழ்ப்படிந்திருந்தோம். மறுபக்கம் எங்களில் யாருமே போகாத ஊர் ஒன்று சாவகாசமாக எரிந்தது. அண்ணி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இணைப்பில் ஆள் இருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

கேமரா பரிசோதனைக்கு முந்தைய நாளும் ஞாயிறாகவே அமைந்தது. அன்று காலையிலிருந்தே அண்ணன் நிலைகொள்ளவில்லை. "நாளைக்கு டாக்டர் பார்க்கப் போறாரு. இன்னிக்கு ஒரு நாள் இந்த எழவு ஆட்டத்தை மூட்டை கட்டி வெச்சா குடியா முழுகிடும்?" என்றான். அண்ணி பெட்டியைத் திறந்து பலகையை விரித்துக்கொண்டிருந்தார்.

"விடுடா," என்றார் அப்பா. "சும்மா உட்கார வெச்சா தொண்டையையே நினைச்சுக்கிட்டு இருப்பா. ஆடட்டும்."

"அப்ப கையும் ஆடக் கூடாது, தலையும் ஆடக் கூடாது. சொல்லிட்டேன்."

அண்ணி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தார். தன் முறை வரும்போது மட்டும் ஒரு கை வெளியே வரும், அட்டையைத் தூக்கும், தட்டி நேராக்கும், மறுபடி தொடைக்கு அடியில் போய்விடும்.

ஆட்டம் விசித்திரமாக நன்றாகப் போயிற்று. முந்தைய வாரத்துக் கூத்துக்குப் பயந்து, நாங்கள் நகர்த்தும் முன் வாய்விட்டுப் பேசிக்கொண்டோம். "நான் பாலத்துக்குப் போறேன், நீ வராத." "சரி, அப்ப நான் மலையைப் பார்த்துக்கறேன்." அண்ணன் சரியான இடத்தில் வெட்டினான். நானும் சும்மா இல்லாமல் ஓர் ஊர் மக்களை ஹெலிகாப்டரில் ஏற்றி வெளியேற்றினேன். அட்டைக்கட்டு மெலிந்து, கடைசிக் காற்று மட்டும் மிச்சம். இதைத் தாண்டினால் ஜெயித்தோம். தீ ஆற்றங்கரை ஊருக்கும் மலையடி ஊருக்கும் நடுவில் நின்றது. நானும் அண்ணனும் எங்கள் முறையை முடித்துவிட்டோம். மிச்சம் இருந்தது அப்பாவின் லாரி மட்டும்.

அண்ணி கட்டைவிரலால் கடைசி அட்டையைத் தூக்கினார். பார்த்தார். மூடினார். தட்டி நேராக்கினார்.

அப்பா முன்னால் குனிந்து மருமகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆத்துப் பக்கமாம்மா? இல்ல, மலையா?" பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லாத, சொல்லாத. நானே பார்த்துக்கறேன். கண்ணு கலங்குது... கலங்கினா தண்ணி... தண்ணின்னா ஆறு."

"அப்பா, இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றான் அண்ணன்.

"நீ பேசாதடா. முப்பது வருஷம் கீழேயிருந்து ஆள் காட்டற கையைப் பார்த்துத்தான் கிரேன் ஓட்டினேன். எனக்கா முகம் படிக்கத் தெரியாது?"

லாரி ஆற்றங்கரையை நோக்கி நகர ஆரம்பித்தது.

நான் பலகையைப் பார்க்கவில்லை. அண்ணியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலுக்கு அடியில் ஒரு நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. மூச்சு உள்ளே போய் அங்கேயே நின்றது. சொல் ஒன்று நாக்கு வரை வந்துவிட்டது, இனி அதைத் தடுக்க ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அண்ணனும் பார்த்துவிட்டான். "வேணாம்," என்றான், கெஞ்சலாக.

அண்ணியின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. என் முன்னால் நான் பாதி குடித்து வைத்திருந்த தம்ளர் தண்ணீரை எடுத்து, ஒரே மடக்கில் வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றன.

அப்பா இது எதையும் கவனிக்கவில்லை. லாரியை ஆற்றங்கரை ஊரின் முன் நிறுத்தி, பிரேக் பிடிக்கும் ஒலியும் எழுப்பினார். "திருப்பும்மா," என்றார்.

அண்ணி உப்பிய கன்னங்களோடு அட்டையைத் திருப்பினார். மலைப் பக்கம்.

அண்ணன்தான் சிவப்புக் கட்டையை எடுத்து மலையடி ஊரின் மேல் வைத்தான். அப்பா லாரியைப் பிடித்த கையை எடுக்காமல் மெதுவாக நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். இப்போதுதான் அந்தக் கன்னங்கள் அவர் கண்ணில் பட்டன. மூன்று பேரும் அண்ணியின் தொண்டையையே பார்த்தோம்.

அது ஒருமுறை மேலே ஏறி, மெல்ல இறங்கியது. கன்னம் வடிந்தது. அண்ணி புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சிதறிய அட்டைகளை அடுத்த ஆட்டத்துக்காகத் தன் பக்கம் இழுத்து அடுக்கத் தொடங்கினார். பிறகு நிமிர்ந்து, காலித் தம்ளரை நிரப்பித் தரும்படி என் பக்கம் நீட்டினார்.