வாளி கொண்டுவராதவங்களுக்குக் கரண்டி கிடையாது

மைமூன் ராத்தா போய்விட்டார். இன்று காலை, நாகூரில் மகள் வீட்டில்...

போனை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். ராத்தா போட்டோவுக்குக் கீழே "ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய தாய்" என்று போட்டிருக்கிறார்கள்.

அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலில் தண்ணீரே வராமல் குறுவையும் சம்பாவும் கைவிட்ட வருஷம். ஆண்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பிப் போயிருந்தார்கள். கடைத்தெருவில் எஸ்டிடி பூத் வந்த புதிது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில்.

அந்த ரம்ஜானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாதம் முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கப் போனபோது, துணிக்கடை மைமூன் ராத்தா குறுக்கே வந்து நின்றார்.

"நோன்பு முடிஞ்சிருச்சு, சரி. பசி முடிஞ்சிருச்சா?"

அவ்வளவுதான். அண்டா, மூடிக்கிடந்த ரைஸ் மில் களத்துக்குப் போனது. தினமும் மதியம் கஞ்சி. கிண்ட, ஊற்ற, கழுவ எட்டுப் பெண்கள். நானும் ஒருத்தி.

ராத்தா போட்டது ஒரே ஒரு ரூல். ஊற்ற வருகிறவர்களும் வீட்டிலிருந்து மூடி போட்ட தூக்குவாளி கொண்டுவர வேண்டும். வரிசையில் நின்று கஞ்சி வாங்கி ஓரமாக வைத்த பிறகுதான் கரண்டியைத் தொடலாம். ராத்தாவும் நிற்பார்.

எங்களோடு இருந்த டீச்சர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தன் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, எதற்கு வீணாக என்றார். "குடிங்க, இல்ல பக்கத்து வீட்டுக்குக் குடுங்க. வாங்காம மட்டும் ஊத்தாதீங்க டீச்சர்" என்றார் ராத்தா. டீச்சர் கோபித்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் நாலு அடுக்கு டிபன் கேரியரோடு வந்து நின்றார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒருவர் அரிசி தருகிறேன் என்று வந்தார். கூடவே போட்டோகிராபர். வரிசையைப் படம் எடுக்க வேண்டுமாம். இல்லாதவர்களை மட்டும் லிஸ்ட் எடுத்து அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டுமாம்.

ராத்தா அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

"நீங்களும் நில்லுங்கண்ணே. உங்களையும் சேர்த்து எடுக்கட்டும்."

மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அரிசியும் போச்சு. அடுத்த ரெண்டு வாரம் கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் ராத்தாவோடு சண்டை போட்டேன். லிஸ்ட்தானே, எடுத்துக்கொள்ளட்டுமே, வீம்புக்கு அரிசியை விடுவார்களா என்று கத்தினேன்.

ராத்தா என் தூக்குவாளியைப் பார்த்தார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"லிஸ்டுல உன் பேரை யாரு எழுதுறது செல்வி? நானா?"



இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நாலு மாசம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான், மாமியார், ரெண்டு பிள்ளைகள்... அந்த ஒரு வாளிதான்.

ஊருக்கு நான் கஞ்சி ஊற்றுகிறவள். மாமியாரும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சரும் வாங்குகிறார், துணிக்கடை ராத்தாவும் வாங்குகிறார், அதில் நான் வாங்கியது யார் கண்ணிலும் படவில்லை.

என் முறை வரும்போது மட்டும் ராத்தாவின் கரண்டி ஏன் அண்டாவின் அடி வரை போய்க் கெட்டியாக அள்ளிக்கொண்டு வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது குரூப்பில் அடுத்த அறிவிப்பும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அதே மில் களத்தில் ராத்தா நினைவாக அன்னதானம். "பயனாளிகள் ஆதார் நகலுடன் வரவும்." ஃபிளெக்ஸ் முன்னால் நிற்கவைத்து குரூப் போட்டோ வேறு...

நான் வருகிறேன். முதல் ஆளாக நிற்பேன். ஆதார் கொண்டுவர மாட்டேன். கேமராவோடு வருகிறவர் கையில் கொடுக்க இன்னொரு வாளியும் கொண்டுவருகிறேன்.

அட்மின் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். படித்துவிட்டு அந்த "ஏழைகளுக்கு" என்பதை எடுத்துவிடட்டும். "எங்களுக்கு" என்று போடட்டும். கீழே முதல் பெயராக என் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன்.

அதே வாளிதான் ராத்தா... மூடி மட்டும் மாத்தியிருக்கேன்.

போயிட்டு வாங்க.