பால்கோவா வீட்டில் ரசம் சாதம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்தும் போகிறது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயிறு பல வருடமாக என் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இரையும், முறுக்கும், ஓட வேண்டும். சில வாரம் அதுவும் இல்லாமல் கல்லாக அடைத்துக்கொள்ளும். ராஜபாளையத்தில் டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, "புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. உங்க குடலுக்குக் கூச்சம் ஜாஸ்தி, அம்புட்டுதான்" என்றார். நானும் கூச்சக்காரிதான். அதனால் குடலைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பால், கோதுமை, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இசப்கோல் உமியும், வயிற்றுக்கு நல்ல கிருமிகளைக் கொடுக்குமாம் என்று ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார். முதல் நாள் உமியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வாசலில் பூக்காரியோடு பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தம்ளருக்குள் வத்தல் கூழ் மாதிரி கெட்டியாக நிற்கிறது. "கலக்குன உடனே குடிக்கணும் அத்தை. இனி இதைப் பிழிஞ்சு மாடியில காயப் போடத்தான் முடியும்" என்றாள் மருமகள்.

பூண்டை விட்டதும் இரைச்சல் குறைந்தது. வெங்காயம் கொஞ்சமாகப் போட்டால் ஒத்துக்கொண்டது. பால் மட்டும் ஒரு வாய்க்கே பழிவாங்கியது.

அந்த நேரத்தில்தான் பேத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பால்கோவா கிண்டி விற்கிறவர்கள். பேத்திக்குப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாங்கள் வீடு பார்க்கக் கிளம்பினோம். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டோம். முடிவானதும் பெண் வீட்டில் மூத்தவர் முதலில் கை நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூத்தவள் நான்தான். சாப்பாடு போடுவார்கள், சோற்றைத் தொட்டுக்கொள்ளலாம் என்று நானும் மருமகளும் பேசிவைத்திருந்தோம்.

மடவார் வளாகத்தில் அவர்கள் வீடு. பேச்சு நல்லபடியாக முடிந்தது. உடனே தட்டு வந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பால்கோவா, ஆவி பறக்கிறது. எல்லார் கண்ணும் என் கையில். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மகன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு என் வயிற்றுச் சங்கதி முழுசாகத் தெரியாது. பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மாப்பிள்ளையின் அத்தை சும்மா இருக்கவில்லை. "என்ன, பெரியவிய தட்டையே பாத்துக்கிட்டு இருக்காவ. எங்க வீட்டுப் பண்டம் பிடிக்கலையா, பையன் பிடிக்கலையா?" என்றார்.

எங்கள் வீட்டில் பேத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாளே என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பையன் தங்கம். என் வயிறுதான் மோசம். பால் உள்ள போனா நான் பஸ்ல ஊர் போய்ச் சேர மாட்டேன். கொஞ்சம் சோறும் ரசமும் குடுத்தா கை நனைச்சுக்கிடுதேன். பூண்டு இல்லாம."

ஆம்பிளைகள் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் இப்படிச் சொல்லிவிட்டேனே என்று முகமெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "இதுக்கா பெரியம்மா இம்புட்டு யோசிச்சிய? வச்ச ரசத்துல பூண்டு தட்டிப் போட்டாச்சு. இருங்க, புதுசா வச்சுத் தாரேன்."

நான் தொடாமல் யாரும் தொடக் கூடாது. தட்டை ஏந்தியபடி அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் என் பத்தியத்தையும் உமி கெட்டியான கதையையும் சொல்லிப் பொழுதைப் போக்கினாள். "பால்கோவாவைக் கையில வச்சுக்கிட்டு ரசத்துக்குக் காத்துக் கிடக்குற கூட்டத்தை இந்த ஊரு இப்பத்தான் பாக்குது" என்றார் அந்த அத்தை. மகனே சிரித்துவிட்டான்.

மிளகும் சீரகமும் மணக்க ரசம் வந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மருமகள் அப்போதே பேத்திக்குப் போன் போட்டாள். நான் தட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டேன், வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்த அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பெரியம்மா, அந்த உமி சாப்பாட்டுக்கு முந்தியா, பொறவா? எனக்கும் இதே பாடுதான். பால்கோவா வீட்டுல இருந்துக்கிட்டு யார்ட்ட சொல்ல?"

முந்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஏறியதும் சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரைதான் முந்தியோ என்னவோ. எப்போது குடித்தாலும் தண்ணீர் நிறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இதை முதலில் படிக்கப்போகிற மருமகளே, டாக்டர் எழுதித் தந்ததைப் பார்த்து நான் சொன்னது சரியா என்று சொல்லு. தப்பாக இருந்தால் இன்றைக்கே அந்த அத்தைக்குப் போன் போட வேண்டும்.