அவருக்குத் தெரிந்த ஒரே பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது, இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. இறந்தவர்களுக்காகப் பூசைக்குக் கொடுப்பேன், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், அதோடு சரி. செத்தவர் வந்தார், பேசினார் என்று யாராவது ஆரம்பித்தால், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் மார்த்தா. வீடு நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டுச் சத்தம் சமையலறை வரை வரும். எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின், வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் காலையில் அன்றைய பைபிள் வாசகத்தையும் நற்செய்தியையும் வாசித்து, இன்று எந்தப் புனிதரின் விழா என்று சொல்லி, கூடவே சின்னதாக ஒரு சிந்தனையும் பேசி அனுப்புவேன். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்கள் அதைத்தான் பூசையாக நினைத்துக் கேட்கிறார்கள். அதனால், வாசித்து முடித்ததும் கொஞ்சம் இடம் விடும்மா, அவர்கள் பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று பூசை வைக்கும் எங்கள் சாமியார் சொல்லியிருந்தார். வாசகம் முடிந்தால் "இறைவா உமக்கு நன்றி", நற்செய்தி முடிந்தால் "கிறிஸ்துவே உமக்குப் புகழ்". எங்கள் வீடுகளில் பேசத் தொடங்கிய பிள்ளைக்கே இது தெரியும்.

என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு மட்டும் தெரியாது. அவர் நூம்பல்காரர், பெற்றவர்கள் வயல் வேலை செய்தவர்கள், இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஞானஸ்நானம் வாங்கவில்லை, நானும் நச்சரிக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் என்னோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். சொல்ல வேண்டிய பதில்களில் "இறைவா உமக்கு நன்றி" ஒன்றுதான் அவர் வாயில் நின்றது, எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். நான் பதிவு செய்யும்போது எதிரே உட்கார்ந்து பூண்டு உரிப்பார், நற்செய்தி முடிந்து நான் இடம் விட்டதும் கணீரென்று "இறைவா உமக்கு நன்றி" என்பார். போச்சு, மறுபடி முதலிலிருந்து.

"இன்னாங்க நீங்க, தப்புத் தப்பா சொல்லிகினு!"

"இதுல இன்னா மார்த்தா பெரிய தப்பு? புகழோ நன்றியோ, போறது ஒரே ஆளுக்குத்தான? வுடு."

கடைசியில் நான்தான் விட்டேன், அப்படியே அனுப்பத் தொடங்கினேன். குழுவில் எல்லோருக்கும் அவர் தப்பு பழகிப்போனது, அவர் பதில் இல்லாத நாளில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் கல்லறையில் அவருக்கு இடம் இல்லை, அவர் தம்பி ஏழுமலைதான் நூம்பலில் கொள்ளி வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது, ஞானஸ்நானம் வாங்காத மனுஷன் இப்போது எங்கே இருக்கிறார் என்று. சாமியாரிடம் கேட்கவில்லை, என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். பதிவு மட்டும் நிற்கவில்லை, காலையில் பல் தேய்ப்பதுபோல அதுவும் நடந்துகொண்டிருந்தது.

பிறகு புனித மார்த்தா விழா வந்தது. என் பெயர் கொண்ட விழா, வருஷா வருஷம் அவர் பூந்தமல்லிக்குப் போய் எனக்கு மைசூர்பாகு வாங்கி வருவார். அன்றைக்கு நற்செய்தி என்ன தெரியுமா, ஆண்டவரே நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று மார்த்தா இயேசுவிடமே நேராகக் கேட்கிற பகுதி. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மளிகைச் சீட்டு படிப்பதுபோல அதைப் படித்தேன். முடித்து இடம் விட்டேன். எதிர் நாற்காலியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சிந்தனையையும் சொல்லி அனுப்பிவிட்டு அரிசி களையப் போனேன்.

என் சிநேகிதி ஸ்டெல்லா போன் செய்தாள். "இன்னாடி மார்த்தா, பழைய ஆடியோவப் போட்டுட்டியா?"

"இல்லியே, இப்பத்தான் பேசினேன்."

"அண்ணன் கொரலு கேக்குதுடி. நற்செய்தி முடிஞ்சதும். அதே தப்பு."

போட்டுக் கேட்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒரு லாரி போகிற சத்தம்தான் கேட்டது. காதில் மாட்டிக் கேட்டேன், அப்போதும் லாரிதான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, அவளுக்குப் பிரமை என்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியம் ஏழுமலை கீரைக்கட்டோடு வந்தார், அவர் எங்கள் குழுவில் இல்லை, நான் எதுவும் சொல்லவும் இல்லை. சும்மா அந்த ஆடியோவைப் போட்டுவிட்டேன். காபி டம்ளர் அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அண்ணி, இது எங்கண்ணன் கொரலு. எப்ப பேசினாரு இத?"

தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதே போனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு லாரிதான் போனது. அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு குழுவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று ஒரு நாள் என்னமோ ஆகிவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன். போன வாரம், திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இங்கே ஒரு ஃபிளாட்டில் குடியேறியிருக்கும் பையன் ஒருவன், குழுவுக்கே புதுசு, என் வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தது கூடத் தெரியாதவன், எனக்குத் தனியாக எழுதியிருந்தான். "அக்கா, தெனமும் கேக்கேன், ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், நற்செய்தி முடிஞ்சதும் உங்க வீட்டுல ஒருத்தங்க பதிலத் தப்பாச் சொல்லுதாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். "தெனமும் கேக்குதாடி?"

"உனுக்கு மட்டும் கேக்கலன்னு சொன்ன. அத்தப் போயி உன்கிட்ட தெனமும் எப்டிடி சொல்றது?" என்றாள். பிறகு அவளே, "நன்றி சொல்றவரு நல்ல எடத்துலதான் இருப்பாரு, நீ கவலப்படாத" என்றாள்.

அந்தப் பையனுக்குப் பதில் எழுதினேன். "சொல்லிப் பாத்தாச்சு தம்பி. அவருக்கு அது ஒண்ணுதான் வரும்."

இன்று காலையும் பதிவு செய்தேன். நற்செய்தி முடிந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டுக் காத்திருந்தேன். பெங்களூர் பக்கம் ஒரு லாரி போனது.